அடையாளம் இல்லாத வெள்ளை

இலஞ்சி,
4.8.2025

அன்புள்ள தம்பி முத்துராஜுக்கு,

அக்கா வேல்விழி எழுதுகிறேன். இலஞ்சியிலிருந்து வடகரைக்குத் தபால் போடுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். செங்கோட்டையில் ஒரு பஸ் மாறினால் வந்து நிற்கிற தூரம். தபால் ஆபீஸில் இருக்கிற பிள்ளை முகவரியைப் படித்துவிட்டு, "இந்தா இருக்கு வடகரை, அதுக்கா மைனி லெட்டர் போடுதீய?" என்று சிரித்தது. என்ன செய்ய? போனில் என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டாய். போன வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்தேன். நான் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் பின்பக்கமாகத் தோப்புக்குள் போய்விட்டாய். உன் பெண்டாட்டி இசக்கிசெல்விதான் காப்பி கொடுத்தாள். பாவம், உனக்கும் எனக்கும் நடுவில் அவள் முகம் வாடிப்போய்க் கிடக்கிறது.

அப்பா போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. பதினாறாம் நாள் விசேஷத்தில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் நீ சொன்னதை மறக்க முடியவில்லை. "அப்பாவை யானை கொல்லல. நீ குடுத்த செவிட்டு நாயிதான் கொன்னுது." பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அப்பளக் கூடையோடு நின்றேன். எனக்கும் அவர் அப்பாதானே முத்துராஜ்? எனக்கும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அழ இடம் வேண்டாமா?

குட்டி எடுத்த நாளை நினைத்துப் பார். போன வருஷத் தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள். என் வீட்டுப் பின்கட்டில் ஐந்து குட்டிகள், நாற்பத்தைந்து நாள் வயது. நாற்பது வருஷமாக ராஜபாளையம் நாய் வளர்த்தவர் அப்பா. நான் வளர்ப்பதெல்லாம் அவர் கொடுத்த வழிதான். வந்ததும் நாலைத் தள்ளிவைத்தார். ஒன்றுக்கு மூக்கில் கறுப்பு, ஒன்றுக்கு வாலடியில் மஞ்சள், ஒன்றுக்குக் கால் கோணல். நாலாவது பொட்டு. மிச்சம் சங்கு மட்டும்தான்.

சங்கைத் தண்ணீரில் முக்கி எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். முடி நனைந்து ஒட்டினால்தான் தோலில் சாம்பல் புள்ளி இருப்பது தெரியும் என்பார். ஒன்றும் இல்லை. மூக்கு, இமை, உள்ளங்கால், அடிவயிறு எல்லாம் ரோஜா நிறம். மற்ற இடமெல்லாம் வெள்ளை. "ஏட்டி வேலு, நாப்பது வருசத்துல இப்படி ஒண்ணு நம்ம வீட்டுல விழுந்ததில்லட்டி" என்று சொல்லி அழுதுவிட்டார். நனைந்த குட்டி அவர் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. குற்றாலநாதர் கோவில் சங்கு வடிவத்தில் இருப்பதால் சங்கு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

பொட்டுக்கு இடது காதிலும் கண்ணைச் சுற்றியும் காப்பிப்பொடி நிறத்தில் திட்டு. "ரெண்டையும் கொண்டு போலே, ஒண்ணா வளரட்டும்" என்று நான் சொன்னேனா இல்லையா? நீ என்ன சொன்னாய்? "இதை நாய் ஷோ ரிங்குக்குள்ள கூட்டிட்டுப் போனா, காப்பி சிந்திட்டுன்னு ஜட்ஜு துடைக்க வந்துருவாரு." அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நீ சங்கை மட்டும் தூக்கிக்கொண்டு போனாய். நிறத்தைப் பார்த்து எடுத்தது நீ. இன்றைக்குப் பழி எனக்கு.

இசக்கிசெல்வி சொன்னாள், சங்கைத் தென்னைமரத்தில் கட்டிப்போட்டு மழையிலும் அவிழ்ப்பதில்லை என்று. அன்றைக்கு நானும் பார்த்தேன். விலா எலும்பு தெரிகிறது. பழியை என் மேல் போட்டுக்கொள். சோற்றை அதற்குப் போடு.

அக்கா,
வேல்விழி


வடகரை,
11.8.2025

திருமதி வேல்விழி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்று காலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு மும்முனைக் கரண்ட் வரும். அப்பா மோட்டார் போடப் போயிருக்கிறார். சங்கு முன்னால் போயிருக்கிறது. அப்பாவுக்கு ஐந்தாறு வருஷமாகக் காது மந்தம். வாங்கிக் கொடுத்த மிஷினை டப்பாவை விட்டு எடுத்ததே இல்லை. தோப்புக்குள் அவர் நாயின் காதைப் பார்த்துத்தான் நடப்பார். காது நிமிர்ந்தால் நிற்பார். தொங்கினால் நடப்பார். நாற்பது வருஷமாக நாய்தான் அவருக்குக் காவல்.

அன்று மேல்காற்று பலமாக அடித்தது. யானை கிழக்கு ஓரத்தில் நின்றதால் நாய்க்கு வாடை வரவில்லை. ஆனால் யானை மட்டையை முறித்துப் போடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கிறது. பால்காரர் இசக்கிதுரை அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். "ஆறுமுகநயினார் அண்ணாச்சி, போவாதீய, போவாதீய" என்று கத்தியிருக்கிறார். அப்பாவும் திரும்பவில்லை, நாயும் திரும்பவில்லை. "நாயி காதைத் தொங்கப்போட்டுக்கிட்டே போவுது, இவரும் அது பின்னாலேயே போறாரு" என்று சொல்லி அவர் அழுகிறார்.

நான் அன்று வேலையாக வெளியூர் போயிருந்தேன்.

டாக்டர் சோதித்துவிட்டு, இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது, முழு வெள்ளையாகப் பிறக்கிற குட்டிகளில் இப்படி வருவதுண்டு என்றார். குட்டி எடுப்பதும் கொடுப்பதும் உங்கள் தொழில். உங்களுக்குத் தெரியாதா?

25-ஆம் தேதிக்குள் நாயை வந்து கொண்டு போய்விடுங்கள். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்தத் தோப்பில் இருக்க முடியாது. வரவில்லையென்றால் என் வழியில் பார்த்துக்கொள்வேன்.

ஆ. முத்துராஜ்


இலஞ்சி,
16.8.2025

முத்துராஜ்,

திருமதி என்றும் நீங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். பதினாறாம் நாள் பந்தியில் நீ கத்தியதைவிட இதுதான் எனக்குச் சுட்டது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்கு நடந்தவள் நான். உனக்குப் பல் முளைத்தபோது என் தோளைத்தான் கடித்துக் குதறினாய். இப்போது நான் திருமதி.

ஒன்று கேட்கிறேன். ஒன்றரை வருஷம் அந்த நாய்க்குச் சோறு வைத்தது நீ. ரிங்கில் நடக்கப் பழக்கியது நீ. சாரல் விழா நாய்க் கண்காட்சியில் அதை நிறுத்திக் கப்பு வாங்கியது நீ. ஒன்றரை வருஷத்தில் உனக்குத் தெரியாதது நாற்பத்தைந்து நாளில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? அன்று காலையில் அப்படி என்ன தலைபோகிற வேலை உனக்கு வெளியூரில்? இசக்கிசெல்வியிடம் கேட்டேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

நாயைக் கொண்டுபோக நான் வரமாட்டேன். வந்தால் என்ன அர்த்தம்? வேல்விழி ஒப்புக்கொண்டாள், அப்பனைக் கொன்ற நாயைக் கையோடு கூட்டிப்போனாள் என்று ஊர் சொல்லும். நீயும் சொல்லுவாய். உன் அத்தான் டூட்டிக்கு வீ.கே.புதூர் போகும்போது அவரிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், "உங்க வீட்டு நாயாமே?" என்று. மனுஷன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நீ ஆசைப்பட்டு எடுத்த நாய். நீயே வைத்துக்கொள். அதற்கு ஒழுங்காகச் சோறு போடு.

வேல்விழி


வடகரை,
26.8.2025

கெடு முடிந்தது. நேற்றுச் சாயங்காலம் சங்கை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் புளியரைக்கு அந்தப்பக்கம் மலைரோட்டில் இறக்கி விட்டுவிட்டேன். இனி நாம் எழுத ஒன்றும் இல்லை.

முத்துராஜ்


இலஞ்சி,
31.8.2025

முத்துராஜ்,

ஏலே, பாவி. உனக்கு எப்படியடா மனசு வந்தது?

நீ எழுதியது வியாழக்கிழமை கிடைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் புளியரையில் அலைந்தேன். செக்போஸ்ட், பழக்கடை, பஸ் நிற்கிற இடம், ஒன்று விடாமல் கேட்டேன். போனில் இருக்கிற படத்தைக் காட்டினால் எல்லோரும், கேரள எல்லைப் பேச்சில் நாயைப் பட்டி என்று சொல்லி, ஒரே மாதிரிதான் கேட்டார்கள். "வெள்ளப் பட்டியா? இங்கன ஏழெட்டு அலையுதே அக்கா. அடையாளம் என்ன?"

என்ன சொல்ல? கறுப்பு இருக்கா என்றார்கள். இல்லை. காதில், வாலில், முதுகில் ஏதாவது திட்டு? இல்லை. மூக்கிலாவது ஒரு புள்ளி? இல்லை. ஒரு அடையாளமும் இல்லை என்றுதானே அப்பா அழுதார், அதற்குத்தானே கப்பு கொடுத்தார்கள். அந்தப் பழக்கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அடையாளமில்லாத நாயை எப்படிக்கா தேடுதது?" என்றாள்.

ரோட்டோரத்தில் ஒரு வெள்ளை நாய் படுத்துக் கிடந்தது. "சங்கு, சங்கு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கிட்டே போன பிறகுதான் அது வேறு நாய் என்று தெரிந்தது. அதற்கும் பிறகுதான், சங்காகவே இருந்தாலும் நான் கூப்பிட்டது அதற்குக் கேட்டிருக்காது என்று தோன்றியது. அங்கேயே மைல்கல்லில் உட்கார்ந்து அழுதேன். உன்னை நினைத்து அழவில்லை. என்னை நினைத்துத்தான்.

எனக்குத் தெரியும் முத்துராஜ். சங்குக்குக் காது கேட்காது என்பது எனக்கு முப்பதாம் நாளே தெரியும்.

அப்பா குட்டிகளுக்குக் காது பார்க்கிற விதம் உனக்கும் தெரியும். குவியலாகத் தூங்கும்போது எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவார். எல்லாம் துள்ளி எழுந்தால் சரி. அவர் காது மந்தமான பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. தட்டினேன். நாலு குட்டி எழுந்தன. சங்கு எழவில்லை. பொட்டு திரும்பி வந்து மூக்கால் அதன் வயிற்றில் முட்டினாள். அதன் பிறகுதான் எழுந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அதை மட்டும் அறையில் தனியாகப் படுக்கவைத்து, தலைமாட்டில் தட்டினேன். தட்டு நசுங்குகிற வரைக்கும் தட்டினேன். அது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு சுகமாகத் தூங்கியது.

அப்பா பின்கட்டுக்கு வந்து, "ஏட்டி, எல்லாம் முழிச்சுதா?" என்று கேட்டார். "முழிச்சுதுப்பா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். ஏன் சொன்னேன் என்று இந்த இரண்டு மாதமும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். புள்ளி விழுந்த குட்டிகளை அப்பா முன்பெல்லாம் கண் திறக்கும் முன்னே சாக்கில் கட்டி வாய்க்காலில் விட்டுவிடுவார். நீயும் நானும் கரையில் நின்று பார்த்திருக்கிறோம். பொட்டையே நான் கெஞ்சித்தான் காப்பாற்றினேன். செவிடு என்றால் சங்குக்கும் அந்தச் சாக்குதான் என்று பயந்தேன். அது பாதி உண்மை. மறுபாதி ஆசை. அந்த வெள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா இருந்த இருப்பை நீ பார்த்தாயே. என் வீட்டுக் குட்டி ஒன்று ரிங்கில் நின்று பேர் வாங்கட்டும் என்று எனக்கும் இருந்தது. காதை யார் பார்க்கப் போகிறார்கள், நிறத்தைத்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

பொட்டு பக்கத்தில் இருக்கிறவரை சங்கு செவிடு என்று யாருக்கும் தெரியாது. அவள் திரும்பினால் இது திரும்பும். அவள் ஓடினால் இது ஓடும். அதனால்தான் உன்னிடம் இரண்டையும் கொண்டுபோ என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. நீ காப்பி சிந்தியது என்று கேலி செய்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. நீ போன பிறகு பொட்டு எட்டு நாள் வாசலில் நின்று ஊளையிட்டாள். நான் அவளை அதட்டினேன்.

இதை அந்தப் பந்தியிலேயே சொல்லியிருந்தால் நீ சங்கைக் கட்டிப்போட்டிருக்க மாட்டாய். என்னைத்தான் வெறுத்திருப்பாய். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தேன். நீ கூப்பிட்டபோது வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தால் இப்போது அது என் பின்கட்டில் படுத்திருக்கும். அதையும் செய்யவில்லை.

என்னிடம் பேச வேண்டாம். கேட்டைச் சாத்திக்கொள். ஆனால் அதைத் தேடு. இறக்கிவிட்ட இடம் உனக்குத்தான் தெரியும்.

வேல்விழி


வடகரை,
10.9.2025

அக்கா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று முழுக்கத் தோப்பிலேயே கிடந்தேன். உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏனென்றால் எனக்கும் தெரியும்.

கொண்டுவந்த முதல் மாசத்திலேயே தெரியும். கேட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கும். ஆட்டோ ஹார்னை அடித்தாலும் எழாது. இறங்கித் தரையில் காலை ஓங்கி மிதித்தால் துள்ளி எழும். தரையில் வருகிற அதிர்வு அதற்குப் போதும். கை ஜாடையிலேயே எல்லாம் பழக்கினேன். விரலை மடக்கினால் உட்காரும், உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும். அவ்வளவு புத்தி அதற்கு.

சாரல் விழாவில் என்ன நடந்தது தெரியுமா? எல்லா நாய்களும் நிற்கும்போது மைக் செட் கிறீச்சென்று கத்தியது. பக்கத்தில் யாரோ வெடி வேறு போட்டார்கள். ஒவ்வொரு நாயும் மிரண்டு இழுத்தது. சங்கு சிலை மாதிரி நின்றது. ஜட்ஜ் அதன் முன்னால் நின்று, "என்னா ஒரு நிதானம்!" என்றார். கேட்காத காதுக்குத்தான் அக்கா அந்தக் கப்பு. நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அப்பா ஓடிவந்து சங்கின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினார். "அத்தனை பேரு கண்ணும் இது மேலதாம்லே. பட்டுரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஊரெல்லாம் சங்கைப் பற்றியேதான் பேசினார். அவரிடம் போய் இது செவிடு என்று எப்படிச் சொல்ல? நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருஷம் ஓடிப்போனது.

அவர் அதன் காதைப் பார்த்து நடக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தினமும் பார்த்திருக்கிறேன். மோட்டார் போட நானே போய்விடுவேன், அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அன்று நான் எங்கே போனேன் என்று கேட்டாய். ராஜபாளையத்துக்கு. அங்கே ஒருவரிடம் முழு வெள்ளையில் ஒரு பெட்டை இருந்தது. சங்குக்குச் சேர்த்து அதே வெள்ளையில் இன்னொரு ஈற்று எடுக்கலாம் என்று பார்க்கப் போனேன். விடியும் முன்னே கிளம்பினேன். மோட்டாரை அப்பா போடுவார் என்று இசக்கிசெல்வியிடம் சொல்லிவிட்டுப் போனதும் நான்தான்.

டாக்டரிடம் சங்கைக் கொண்டுபோனது தெரிந்துகொள்ள அல்ல. எனக்குத் தெரிந்ததை வேறு ஒருவர் வாயால் வரவைக்கத்தான். அப்போதுதானே உன்மேல் போட முடியும்.

உன் கடிதம் வந்த மறுநாள் போனேன். அடையாளம் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கயிறு உனக்குத் தெரியாது, கழுத்துப் பெல்ட்டுக்கு அடியில் மறைந்திருந்தது; இறக்கிவிடும்போதுதான் பெல்ட்டைக் கழற்றினேன். புளியரையைத் தாண்டி நாலு கிலோமீட்டர் மேலே, நான் இறக்கிவிட்ட வளைவுக்கு எதிரே ஒரு டீக்கடை. துல்கர்னைன் என்று ஒருவர் நடத்துகிறார். கழுத்தில் கறுப்புக் கயிறு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அது?" என்றார். டீ போட்டுக் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"மூணு நாளு அங்கனயே உக்காந்திருந்துச்சு. பன்னு போட்டா வந்து தின்னும். தின்னுட்டுத் திரும்பவும் அதே எடத்துல போயி, உங்க வண்டி போன பக்கமாப் பாத்து உக்காந்துக்கும். நான் கையத் தட்டிக் கூப்பிட்டுப் பாத்தேன், விசிலடிச்சுப் பாத்தேன். எனக்கென்ன தெரியும், செவிடுன்னு? திமிரு புடிச்ச பட்டின்னு நெனச்சேன். நாலாம் நாளு காலம்பற மரம் ஏத்துன தடி லாரி ஒண்ணு ஹார்னு அடிச்சுக்கிட்டே எறங்குச்சு. இந்த மலைக்கே கேட்டுச்சு. அது அசையல."

கடைக்குப் பின்னால் ஒரு தேக்குமரத்தடியில் அவரே புதைத்திருக்கிறார். யாராவது தேடி வருவார்கள் என்று கயிற்றை அறுத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அப்பா போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.

நீ புளியரையில் முதல் நாள் கேட்டுக்கொண்டு நின்றபோது அது மேலே உயிரோடுதான் இருந்திருக்கிறது அக்கா. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். மறைத்தது போதும் என்று எழுதிவிட்டேன்.

என்னை நம்பித்தான் அது அங்கே உட்கார்ந்திருந்தது.

தம்பி,
முத்துராஜ்


இலஞ்சி,
14.9.2025

தம்பிக்கு,

படித்தேன். நாலு கிலோமீட்டர். இன்னும் ஒரு பஸ் ஏறியிருந்தால் போதும். இதை நீ மறைக்காமல் எழுதினாய். நானும் இதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

உன்னை மன்னித்தேன் என்றெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உனக்கும் இல்லை. அப்பாவிடம் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கு நம் இரண்டு பேரையும் ஏசிக்கொண்டு இருந்திருப்பார். கோபத்தில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

வருகிற ஞாயிறு மகாளய அமாவாசை. குற்றாலத்தில் மெயினருவிக் கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க நீ வருவாய். நானும் வருகிறேன். நீ எள்ளும் தண்ணீரும் விடும்போது நான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். கயிற்றை எடுத்துவா, ஒருதரம் பார்த்துவிட்டுத் தருகிறேன்.

பொட்டையும் கூட்டிவருகிறேன். கூட்டத்துக்குள் வேண்டாம், கார் நிறுத்துகிற இடத்தில் அத்தான் பிடித்துக்கொண்டு நிற்பார். வடகரைக்குக் கொண்டு போ. இப்போது இசக்கிசெல்விதானே மோட்டார் போடப் போகிறாள். இவள் சருகு விழுந்தாலும் குரைப்பாள், எலி ஓடினாலும் குரைப்பாள். உனக்குத் தொந்தரவாக இருக்கும். இருக்கட்டும். அவளை எந்த ரிங்கிலும் நிறுத்த முடியாது. அதுவும் இருக்கட்டும்.

அக்கா


வடகரை,
6.10.2025

அக்கா,

இப்போது தினமும் போனில் பேசுகிறோம். ஆனாலும் இதைப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று நீ பொட்டு எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். நல்லா இருக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்லாத்தான் இருக்கிறாள். வந்த அன்றே சங்கைக் கட்டியிருந்த தென்னையின் அடிமரத்தை மோந்தாள். மோந்து மோந்து சுற்றி வந்தாள். பிறகு மோட்டார் ரூம் ஆணியில் மாட்டியிருக்கிற கயிற்றுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். கயிற்றை ஆற்றில் விட்டுவிடலாம் என்று நீ சொன்னாய், எனக்குத்தான் மனசு வரவில்லை. இப்போது தினமும் அங்கேதான் படுக்கிறாள்.

போன வாரம் மறுபடியும் யானை இறங்கியது. மேற்கு வேலிக்கு வருவதற்குள் பொட்டு குரைத்துத் தெருவையே எழுப்பிவிட்டாள். காலையில் நானும் இசக்கிசெல்வியும் அவள் பின்னால்தான் போனோம். அந்தக் காப்பிப்பொடிக் காது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. அப்பா நடந்த அதே வரப்பில் அவர் மாதிரியே அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு பயமும் இல்லை. இந்தக் காது முன்னாலேயே கிடைத்தும் நான்தானே கேலி செய்து விட்டுவந்தேன் என்று நினைப்பு வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் இன்னும் கை ஜாடைதான் காட்டுகிறேன். தரையில் காலால் தட்டுகிறேன். அவள் என்னை விநோதமாகப் பார்க்கிறாள். நேற்றுக் காலையில் என்னை அறியாமல் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். தோப்பின் அந்த முனையில் நின்றவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறாள் அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முத்துராஜ்